மெழுகில் பதியாத பல்

அன்றைக்கு எங்கள் வீட்டு வராந்தாவில் இருந்தவர்கள்: நான், என் மனைவி சாந்தி, எதிர்வீட்டு அக்கா, எங்கள் நாய் சீனி. கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வந்தவரும் இரண்டு நிமிஷம் நின்றார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். அவரும் பார்த்தார், அதனால் சேர்த்துவிடுகிறேன். நாலு பேர், ஒரு நாய். அன்று தெரியவந்த விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று நான் பல நாள் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். அதனால்தான் கணக்கு இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது.

எங்கள் சந்து துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே எதிர்வீட்டு அக்காவுக்குப் பெயர் பல்செட்டக்கா. டவுனில் ஒரு லேபில் பல்செட் செய்கிற வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதைப் பார்த்துப் பல் கட்டுவார். முகத்தைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்த்தே முப்பது வருஷம் ஓட்டியவர். பஸ்ஸில் எதிரே இருந்தவர் கொட்டாவி விட்டால் போதும், வீட்டுக்கு வந்து சொல்வார்: "அந்த மனுசன் வலப்பக்கமே மெல்லறாருங். இடப்பக்கம் சொத்த இருக்குது, வெளிய சொல்லாம வெச்சிருக்காரு."

எனக்கு அவர்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு நான் எழுதுவதில் கொஞ்சத்தைத் தள்ளுபடி செய்து நீங்கள் படித்துக்கொள்ளலாம்.

எதையும் முதலில் தன்மேல் சோதித்துப் பாராமல் அடுத்தவருக்குக் கொடுக்கமாட்டார் அவர். காபி கொடுத்தால் ஒரு சொட்டு தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துத்தான் டம்ளரை நீட்டுவார். ஒருமுறை எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. தைலம் கொண்டுவந்தவர், எரிகிறதா என்று பார்க்கத் தன் முழங்கையில் தடவிக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் காலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"அக்கா, எனக்குத்தானுங்க சுளுக்கு" என்றேன்.

"அதுக்குத்தானுங் தம்பி என்ற கையில பாக்கறேன்" என்றார்.

சீனியை அன்னூரில் ஒரு தோட்டத்திலிருந்து கொண்டுவந்தேன். அப்பன் லேப்ரடார், தாய் அந்தத் தோட்டத்து நாய். பெட்டைக்குட்டி. நாட்டுச் சர்க்கரை நிறம். சட்டைக்குள் போட்டுக்கொண்டு பைக்கில் வந்தேன். அன்னூரிலிருந்து துடியலூர் வரும்வரை ஒரு கடிகூட இல்லை. என் பனியன் பட்டியை மட்டும் வாயில் பிடித்துக்கொண்டு வந்தது, யாரோ கையைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல. வளர்ந்த பிறகும் அப்படித்தான். காலையில் கேட்டில் தொங்கும் பால் பாக்கெட்டை எடுத்து வந்து சாந்தியிடம் கொடுக்கும், ஒரு பொட்டு ஒழுகாது. பிஸ்கட் நீட்டினால் உதட்டால்தான் வாங்கும்.

மற்றவர்கள் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் கவலை. கடிக்காத நாயைத் தெருநாய்கள் சும்மா விடுமா? கடிக்காமல் விட்டால் பல் பழுதாகுமா? நான் எட்டாவதோடு நின்றவன். மோட்டார் கம்பெனியில் பேக்கிங். நாய் சாமான் பாக்கெட்டுகளில் பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷில் நிறைய எழுதியிருக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அக்கா எதுவரை படித்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவரும் என்னைக் கேட்டுவிடுவார் என்ற பயம்.

சீனிக்கு ஒரு வயதானபோது அக்கா ஒரு ரோஸ் நிற மெழுகுத் தகட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பல்செட் செய்யும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க ஆட்கள் வாயில் வைப்பார்களாம் அந்தத் தகட்டை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இரண்டாக மடித்து, முதலில் தானே ஒருமுறை கடித்துப் பார்த்தார். பிறகு புதிதாக ஒன்றை மடித்துச் சீனியின் வாயில் வைத்து, தாடையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார்.

"ஒரே ஒருக்கா மூடு கண்ணு."

சீனி மூடியது. நான் ஆயிரம்முறை "உட்கார்" என்று சொல்லி ஒருமுறை உட்கார்ந்த நாய், அவர் ஒருமுறை சொன்னதும் மூடியது.

அவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இங்க பாருங் தம்பி. மத்த நாயின்னா மெழுகு ஓட்ட உளுந்திருக்கும். இது பாருங்க, புளியங்கொட்டை அமுக்குனாப்பல வெறும் குழி. இதுக்கு மெத்து மெத்துன்னுதான் குடுக்கோணும். கடுசு ஆகாது."

"பழக்குனா வருமுங்களே அக்கா?"

"எதுக்குப் பழக்கோணும்? உங்களுக்கு யாரையாவது கடிக்க வேண்டியிருக்குதா?"

சாந்தி சிரித்துவிட்டாள். எனக்குக் காது சூடானது.

தகட்டின் ஓரத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்துப் பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆறு மாதத்தில் இன்னொரு தகடு, இரண்டு கோடு. என் நாயின் வாய் அவர் வீட்டு அலமாரியில், டின்னுக்குள், வரிசை நம்பரோடு இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் நாய்.

கடைக்கு அவரோடு போவது ஒரு தனி அவஸ்தை. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் நாய், மீன், கிளி எல்லாவற்றுக்கும் சாமான் விற்கும் கடை ஒன்று. உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். நகம் பதியாவிட்டால் திரும்ப வைத்துவிடுவார். பதிந்தால் முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டுவார். வலித்தால் அதுவும் திரும்பப் போகும். கயிற்றுப் பொம்மையாக இருந்தால் முடிச்சை இழுத்து நூல் வருகிறதா பார்ப்பார், நூல் குடலில் போய்ச் சுற்றிக்கொள்ளும் என்பார். துணிப் பொம்மையில் ஒட்டுக் கண்ணோ பொத்தானோ இருந்தால் அங்கேயே பிய்க்கப் பார்ப்பார். பந்தென்றால் சீனியின் வாயகலத்தைத் தன் விரல்களால் அளந்து வைத்திருப்பார். கடைவாய்ப் பல்லைத் தாண்டி உள்ளே போகிற அளவுப் பந்தைத் தொடக்கூட மாட்டார். இவ்வளவிலும் தேறியதைக் கடைசியாகக் கடிப்பார். தன் பல்லால். கடைக்காரர் முன்னாலேயே.

"ஏனுங்க்கா, கடிச்சா நீங்கதான் வாங்கோணும்" என்றார் கடைக்காரர் ஒருநாள்.

"வாங்காம ஓடியா போயிருவேன்? கடிக்காம வாங்குனாத்தானுங்க தப்பு."

"எங்க கடை சாமானு மேல அவ்வளவு சந்தேகமா?"

"உங்க மேல இல்லீங். போன பல்லுக்கு ஆளுகளுக்குன்னா நான் செட்டுக் கட்டிருவேன். நாய்க்கு யாரு கட்டறது?"

அப்படிக் கடித்து வாங்கிய ரப்பர் எலும்பில் சின்னதாய் மனிதப் பல் தடம் இருக்கும். சீனி அதை வாங்கியதும் முகர்ந்து, அந்தத் தடம் இருக்கிற இடத்தைத் தேடி, அங்கேயே பிடித்துக்கொள்ளும். மறுநாளும் அங்கேதான் பிடிக்கும். நான் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். புரட்டி அதே இடத்துக்கு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கோழிக்குஞ்சு விஷயம் நடந்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு குஞ்சு எப்படியோ எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. சீனி அதை வாயில் எடுத்தது. நான் கேட்டருகில் நின்றிருந்தேன், "விடு, விடு" என்று கத்தினேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம். சீனி என்னைப் பார்த்தது. என்னைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் முறத்தில் குஞ்சை வைத்தது. குஞ்சு ஈரமாக எழுந்து கீரையைக் கொத்தியது.

ஊரே பாராட்டியது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"சக்களத்திச் சண்ட பொம்பளைங்களுக்குள்ளதான் வருமுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள் சாந்தி, தட்டைப் பார்த்தபடி.

"நான் கத்துனதுல பயந்துக்குச்சு. அவ்வளவுதான்."

"அதத்தான் சொல்றேன். நீங்க கத்துனீங்க."

அடுத்த வாரம் சம்பளம் வந்ததும் தனியாகக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில், நாய் கடிப்பதற்கென்றே பதப்படுத்திய மாட்டுக் குளம்பு இருந்தது. நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை. முழங்காலில் தட்டினேன், உயிர் போனது. அக்கா செய்கிற சோதனையெல்லாம் எனக்கும் தெரிந்திருந்தது. ஒன்றில்கூட அது தேறவில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் கடைக்காரர், "இது மாசக்கணக்குல வருமுங்க, அந்த ரப்பரெல்லாம் ரெண்டு நாளு" என்றார். அக்கா கொடுக்காத ஒன்றை நான் கொடுக்கவேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் இருந்தது. வாங்கிவிட்டேன்.

சாந்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சீனி குளம்பை மரியாதையாக உதட்டால் வாங்கிக்கொண்டது. என் காலடியில் வைத்தது. நான் எடுத்து மறுபடி கொடுத்தேன். மறுபடி வைத்தது. நெய் தடவிக் கொடுத்தேன். நெய்யை நக்கிவிட்டு வைத்தது. நான் தரையில் உட்கார்ந்து, குளம்பை என் கையிலேயே பிடித்துக்கொண்டு, அதன் கடைவாயில் வைத்து, "கடி சாமி, அப்பா சொல்றனல்ல, கடி" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

சீனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தது.

டக் என்று ஒரு சத்தம். எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்த ஒரு நொடிச் சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. பிறகுதான் குளம்பில் ரத்தத்தையும், என் உள்ளங்கையில் தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு வெள்ளைத் துண்டையும் பார்த்தேன்.

துண்டைச் சட்டைப் பையில் போட்டேன். குளம்பைப் பைக் டூல் பாக்ஸில் மறைத்தேன். சாந்தி வந்ததும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. சீனி ஒரு பக்கமாகவே சாப்பிட ஆரம்பித்தது. சாதத்தை நான் குழைத்துப் பிசைந்து வைத்தேன். தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தேன். ஒரு நாய் வலியில் இருக்க, நான் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

முதலில் சொன்ன அந்த நாள் அப்போதுதான் வந்தது. அக்காவுக்கு லேப் லீவு. வழக்கமான ஆறு மாதத் தகட்டுக்காக டின்னோடு வந்துவிட்டார். சாந்தி தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். மீட்டர்காரர் எழுதிக்கொண்டே நின்று, "நாய்க்குமா பல்செட்டு?" என்றார். சீனி வாயை மூடியது. மூடும்போது அதன் கண் ஒருமுறை சுருங்கியது. அக்கா தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். டின்னிலிருந்து பழைய தகட்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். மேல்வரிசையில் இடப்பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது குழி புதிய தகட்டில் இல்லை. அந்த இடம் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

அக்கா தகட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"மெழுகு சரியா ஊறலீங்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மீட்டர்காரர் போய்விட்டார். "சாந்தி, உள்ள போயி இன்னுஞ் சித்தெ சுடுதண்ணி கொண்டாங்க அம்மணி."

சாந்தி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "எதக் கடிச்சுதுங் தம்பி?"

"கல்லுங்க. ரோட்டுல ஏதோ கல்லு."

"கல்லக் கடிச்சா முன்பல்லு போவும். இது உள்பல்லு. நின்னு நெதானமா, அழுத்திக் கடிச்சிருக்குது. யாரோ புடிச்சுக் குடுத்திருக்காங்க."

நான் எழுந்துபோய் டூல் பாக்ஸைத் திறந்து குளம்பைக் கொண்டுவந்தேன். சட்டைப் பையிலிருந்து பல் துண்டையும் எடுத்து வைத்தேன். அந்தச் சட்டையை அந்த மூன்று வாரமும் துவைக்கப் போடவில்லை.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லாபம். குளம்பை வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்தார். முழங்காலில் தட்டிக்கொண்டார். ஒரு கணம் வாய்க்குக்கூடக் கொண்டுபோய்விட்டு, கீழே வைத்தார்.

"என்னால கடிக்க முடியாதுங். இதப்போயிக் கடிச்சிருக்குது பாருங்க." சீனியின் காதை நீவினார். "மூணு வருசமா நானும் எத்தன வாங்கிக் குடுத்திருப்பேன். ஒண்ணுலயாவது ஒரு பல்லு ஆழமாப் பதிஞ்சிருக்குதா? அத்தனையும் வாங்கும், வெச்சுக்கும். என்ற மரியாதைக்கு. இது உங்களுக்காகக் கடிச்சிருக்குதுங் தம்பி."

அப்புறம் தகட்டை டின்னில் போட்டு மூடிக்கொண்டே, எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை: "எனக்காக ஒண்ணுஞ் செய்யாது."

சாந்தி சுடுதண்ணீரோடு வந்தாள். "ஏதோ கடுசா கடிச்சுப்போட்டுதுங், பல்லு சில்லுப் போயிருக்குது, இன்னைக்கே காட்டிரலாம்" என்றார் அக்கா. யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சாந்திக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

நாய் ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். உள்ளே சீழ் வைத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கண் வரைக்கும் வீங்கியிருக்கும் என்றார் டாக்டர். பில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மாதக் கடைசி. நான் பர்ஸைத் திறந்து நிற்பதற்குள் அக்கா போனை எடுத்துக் கட்டிவிட்டார். மயக்கம் தெளிந்த சீனி, தள்ளாடி வந்து யார் மடியில் தலை வைக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையிலும் அதைத்தான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் படுத்துக்கொண்டது.

மாதம் இரண்டாயிரமாக நாலு மாதம் கொடுத்தேன். ஓவர்டைம் பார்த்துக் கொடுத்தேன். என்னால் போன பல், அதன் செலவாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று. ஐந்தாம் மாதம் அக்கா வேலையை விட்டுவிட்டுக் கொடுமுடிக்குத் தங்கை வீட்டோடு போனார். சாமான் வண்டி நின்றுகொண்டிருந்தபோது மிச்சத்தை நீட்டினேன்.

"இருக்கட்டுமுங். நான் நேர்ல வந்து வாங்கிக்கறேன். சீனியப் பாத்தாப்பலயும் ஆச்சு."

அப்படியென்றால் அந்தப் பணம் அவருக்கு என் வாசலுக்கு வரும் வழி. அன்று சாயங்காலமே போனில் அனுப்பியிருக்கலாம். தொகையைக்கூட அடித்தேன். சீனி கேட்டருகில் உட்கார்ந்து, பூட்டிய எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடித்ததை அழித்துவிட்டேன். அடுத்த மாதமும் அடித்து அழித்தேன்.

அவர் வரவில்லை, பார்சல்தான் வரும். பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று. மெத்தென்ற ரப்பர் வளையம், இல்லாவிட்டால் கம்பளித் துணியில் தைத்த மீன். ஓரத்தில் அவருடைய பல் தடம் இருக்கும். சீனி அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எண்பது மைல் தள்ளியிருக்கும் ஒரு பொம்பளையோடு போட்டி போட வெட்கமாக இல்லையா என்பாள் சாந்தி. மைல் கணக்கை அவள் கூட்டித்தான் சொல்வாள்.

சீனிக்கு இப்போது ஒன்பது வயது. போன வாரம் வந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல் தடம் இல்லை. நகம் பதிந்த கோடு ஒன்று மட்டும் இருந்தது. சீனி வாங்கிற்று, முகர்ந்தது, சுற்றிலும் தேடியது, கீழே வைத்தது. என்னென்னவோ நினைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நல்லாத்தானுங் இருக்கேன்" என்று சிரித்தார். சிரிப்பில் லேசாக ஒரு விசில். "எல்லாப் பல்லும் போயிருச்சு. எனக்கே இப்ப செட்டுத்தான். நானே கட்டிக்கிட்டேன். செட்டுல கடிச்சா மெத்துன்னு இருக்குதா, கடுசான்னு தெரிய மாட்டேங்குதுங். நகத்துல பாத்துத்தான் போட்டேன். நீங்க ஒருக்கா கடிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

"நானுங்களா?"

"பின்ன? உங்களுக்குத்தான பல்லு இருக்குது."

வளையத்தைக் குழாயில் கழுவினேன். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓரத்தைக் கடித்தேன். பல் உள்ளே இறங்கிற்று, வலிக்கவில்லை. இன்னொருமுறையும் கடித்துப் பார்த்தேன், பயத்தில். அப்புறம் சீனியிடம் நீட்டினேன்.

உதட்டால் வாங்கியது. முகர்ந்தது. என் பல் தடம் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே பிடித்துக்கொண்டது. அப்படியே எழுந்து, கேட்டருகே போய், எதிர்வீட்டைப் பார்த்தபடி படுத்தது.

போனில் தொகையை மறுபடி அடித்து, மறுபடி அழித்தேன். அக்காவுக்கு நான் இன்னும் தரவேண்டியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.